எஞ்சின் பெட்டி மேல் இருந்த வாட்டர்ப்ரூஃப் ஸ்பீக்கர்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரை ஊர் ஒன்றில் மொபைல், ஆம்ப்ளிஃபயர், மிக்சி என்று வருவதையெல்லாம் பழுதுபார்க்கும் சின்னக் கடை என்னுடையது. எங்கள் பக்கம் கடலில் பாட்டு கேட்பது புதிய பழக்கமில்லை. முன்பெல்லாம் எஞ்சின் பேட்டரியில் பழைய கார் ஸ்டீரியோவை மாட்டி, மரப்பெட்டிக்குள் ஸ்பீக்கரை வைத்து அடித்திருப்பார்கள். உப்புக்காற்று சில மாதத்தில் காகிதக் கூம்பைத் தின்றுவிடும். ப்ளூடூத் ஸ்பீக்கர் வந்ததும், அதிலும் 'வாட்டர்ப்ரூஃப்' என்று அட்டையில் போட்டு வந்ததும், வல்லத்துக்கு (நாட்டுப்படகு) ஒன்று என்ற கணக்கில் ஊருக்குள் இறங்கிவிட்டது.

இந்த ஆய்வு அப்படி ஒரு ஸ்பீக்கரைப் பற்றியது. சொந்தக்காரர் நாட்டுப்படகு மீனவர், ஐம்பதை ஒட்டிய வயது. வல்லத்தில் அவரோடு நாலு பேர். ஏழாயிரம் ரூபாய்க்கு அக்கா மகன் வாங்கிக் கொடுத்த ஸ்பீக்கர் அது. உருளை வடிவம், கறுப்பு நிறம், மேலே நெய்த துணியுறை, இரண்டு முனையிலும் ரப்பர் வட்டு. அட்டையில், தண்ணீரை எவ்வளவு தாங்கும் என்று காட்டும் ஐ.பி.எக்ஸ் 7 என்ற குறி இருந்தது. வாங்கி நாலு மாதம் ஆகியிருந்தபோது என்னிடம் வந்தது. கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் ஏற்கெனவே காட்டியிருந்தார்கள். சார்ஜிங் துளையில் பச்சை பிடித்திருப்பதைப் பார்த்ததும், நீர்ச்சேதம், வாரன்டியில் வராது என்று திருப்பிவிட்டார்களாம்.

"தம்பி, தண்ணியில போட்டாலும் ஒண்ணும் ஆகாதுன்னுதானே விக்கிறான்? தண்ணியால கெட்டுப்போச்சுன்னும் அவனே சொல்றான். எதை நம்புறது?" என்றார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்ல எனக்கு மூன்று மாதம் பிடித்தது. நடுவில் நானே ஒரு தவறும் செய்தேன். அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

மேசையில் கண்டது

பவர் பட்டனை அழுத்தினால் சலனம் இல்லை. சார்ஜரில் போட்டால் விளக்கு ஒருமுறை மினுக்கி அணைந்தது. குலுக்கிப் பார்த்தேன், தண்ணீர் அலம்பும் சத்தம் இல்லை. ஆனால் ஒரு முனையின் ரப்பர் வட்டை விரலால் மெல்ல அழுத்தியபோதே பாதி விஷயம் தெரிந்துவிட்டது.

இந்த வகை ஸ்பீக்கரின் அமைப்பை இங்கே சொல்ல வேண்டும். வீட்டு ஸ்பீக்கர் பெட்டியில் கனத்த ஓசை வருவதற்கு ஒரு காற்றுத்துளை விட்டிருப்பார்கள். தண்ணீர் புகக் கூடாத பெட்டியில் துளை விட முடியாது. அதனால் பெட்டியை முழுக்க அடைத்துவிட்டு, மின்சுருள் இல்லாத வெறும் ரப்பர் வட்டுகளை இரு முனையிலும் வைக்கிறார்கள். பேஸிவ் ரேடியேட்டர் என்று அதற்குப் பெயர். நடுவிலுள்ள ஸ்பீக்கர் அசையும்போது உள்ளே காற்று அமுங்கி விரிகிறது. அந்த அழுத்தத்தில் இரண்டு வட்டும் ஒரே நேரத்தில் எதிரெதிர்த் திசையில் அசைந்து கனத்த ஓசையைத் தருகின்றன. எதிரெதிராக அசைவதால் ஸ்பீக்கர் மேசையில் துள்ளி நகர்வதும் இல்லை. அழகான யோசனை.

பெட்டி காற்றுப்புகாமல் இருக்கிறதா என்பதை இந்த வட்டுகளே காட்டிக்கொடுக்கும். ஒன்றை மெல்ல அழுத்திப் பிடித்தால் மற்றது வெளியே உப்ப வேண்டும், சற்று நேரம் உப்பியபடி நிற்கவும் வேண்டும். இதில் அழுத்தியதும் மறுபக்க வட்டு லேசாக எழும்பி, உடனே படுத்துவிட்டது. எங்கோ காற்று ஓடுகிறது. காற்று போகிற வழியில் தண்ணீரும் போகும்.

சார்ஜிங் துளையை மூடும் ரப்பர் மூடியைத் திறந்து பூதக்கண்ணாடியில் பார்த்தேன். மூடி பதியும் பள்ளத்தில் உப்புப் பொடி. அதில் ஒட்டிக்கொண்டு ஒரு மீன் செதில், சுண்டுவிரல் நகத்தில் பாதிகூட இருக்காது. கையால் தடவிப் பார்த்தால் மூடி நன்றாக மூடியிருப்பதாகவே தோன்றும். டைப்-சி துளைக்குள் 5 வோல்ட் வரும் ஊசிகள் மட்டும் அரித்துப்போய்க் கறுத்திருந்தன, சுற்றிலும் பச்சை. மற்ற ஊசிகள் ஓரளவு பிழைத்திருந்தன.

துணியுறையை உருவியபோது மேசையில் உப்பு கொட்டியது. உள்ளே சர்க்யூட் போர்டின் கீழ் ஓரத்தில், தண்ணீர் எதுவரை நின்றது என்று வெள்ளைக்கோடு. 18650 என்ற அளவுள்ள இரண்டு லித்தியம் பேட்டரி செல்கள் இணையாகப் பற்றவைக்கப்பட்டிருந்தன, மீட்டரில் 1.6 வோல்ட். ஸ்பீக்கர் காந்தத்தின் எஃகுத்தட்டில் துரு ஆரம்பித்திருந்தது, ஆனால் கூம்பு உரசாமல் அசைந்தது.

தண்ணீர் எப்படி உள்ளே போனது

"கடல்ல விழுந்துச்சாண்ணே?" என்று கேட்டேன். விழவே இல்லை என்றார். பொய் சொல்லுகிறவர் இல்லை. ஒரு நாள் நடப்பை முதலிலிருந்து சொல்லச் சொன்னேன். எஞ்சின் பெட்டி மேல்தான் அதற்கு இடம். மீன் கழித்த கையோடு அதைத் தொடுவதால் செதிலும் சளியும் ஒட்டும். கரைக்குத் திரும்பும்போது வாளியில் கடல்தண்ணீர் மொண்டு, ஸ்பீக்கரை அதில் முக்கி நாலு உலுக்கு உலுக்கி எடுத்து வைப்பார். பிறகு அங்கேயே, எஞ்சின் பேட்டரியில் மாட்டியிருக்கும் கார் சார்ஜரில் செருகிவிடுவார், மறுநாளுக்கு ஆகட்டும் என்று.

ஒரு மீட்டர் தண்ணீரைத் தாங்கும் என்கிற பொருள் ஒரு வாளித் தண்ணீரில் எப்படிச் சாகும்?

ஐ.பி.எக்ஸ் 7 என்பது ஐ.இ.சி 60529 என்ற சர்வதேசத் தரத்திலிருந்து வருகிறது. அதன்படி, பொருளை நல்ல தண்ணீரில் அரை மணி நேரம் அமிழ்த்தி வைக்க வேண்டும். இந்த அளவுள்ள பொருளுக்கு, அதன் அடிப்பாகம் நீர்மட்டத்திலிருந்து ஒரு மீட்டர் கீழே இருக்க வேண்டும். கேடு விளைவிக்கும் அளவுக்குத் தண்ணீர் உள்ளே போகக் கூடாது. எக்ஸ் என்ற எழுத்து, தூசிக்குச் சோதித்து மதிப்பெண் கொடுக்கவில்லை என்பதைக் குறிக்கிறது. 7 வாங்கியதால் பீய்ச்சியடிக்கும் தண்ணீரைத் தாங்கும் என்றும் ஆகாது. அதற்கு 5, 6 என்று தனிச் சோதனைகள் உண்டு. கடல்தண்ணீர் பற்றி அதில் எந்த உத்தரவாதமும் கிடையாது. இவை பலருக்கும் தெரிந்தவை. அதே சோதனையில் இன்னொரு நிபந்தனை இருக்கிறது. பொருளின் வெப்பமும் தண்ணீரின் வெப்பமும் 5 டிகிரிக்கு மேல் வேறுபடக் கூடாது. இந்த வழக்கின் முடிச்சு அந்த ஒரு வரியில்தான் இருந்தது.

ஏ.சி. மெக்கானிக் நண்பரிடம் வெப்பம் பார்க்கும் துப்பாக்கியைக் கடன் வாங்கி, அதே போன்ற கறுப்பு ஸ்பீக்கர் ஒன்றை மொட்டைமாடியில் நண்பகல் வெயிலில் வைத்துப் பார்த்தேன். மேற்பரப்பு 60 டிகிரியைத் தொட்டது. எஞ்சின் பெட்டி மேல் என்றால் அடியிலிருந்தும் சூடு. வாளியிலிருக்கும் கடல்தண்ணீர் 29 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். அடைபட்ட காற்று 60-லிருந்து 29-க்குக் குளிர்ந்தால் அதன் அழுத்தம் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறையும். வளிமண்டல அழுத்தத்தில் பத்தில் ஒரு பங்கு என்பது ஒரு மீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தத்துக்குச் சமம். அதாவது வாளியில் ஒரு சாண் ஆழத்தில் முக்கினாலும், சூடான ஸ்பீக்கருக்கு அது ஒரு மீட்டர் ஆழத்தில் கிடப்பதற்கு ஒப்பாகும். தண்ணீரை அதுவே உறிஞ்சுகிறது.

இந்தக் கணக்கு கொஞ்சம் மிகைதான். ரப்பர் வட்டுகள் உள்வாங்கி அழுத்தத்தின் ஒரு பகுதியை ஈடுசெய்யும். உள்ளிருக்கும் காற்று நொடியில் குளிர்வதும் இல்லை. ஆனால் மூடியின் பள்ளத்தில் ஒரு செதில் இருந்து, இதே முக்கல் தினமும் நடந்தால், ஒவ்வொரு நாளும் சில சொட்டு போதும். போன சொட்டு திரும்பி வராது. தண்ணீர் ஆவியானாலும் உப்பு தங்கும். கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அது காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருப்பதால், கடற்கரை ஊரில் அந்த உப்புப்படலம் ஒருநாளும் முழுதாகக் காய்வதில்லை. அந்த ஈர உப்பு பேட்டரியின் இரு முனைக்கும் நடுவே பாலம் போட்டு, ஸ்பீக்கர் அணைந்திருக்கும்போதும் செல்லை வடித்துவிட்டது.

சார்ஜிங் ஊசிகள் அரித்தது வேறு கணக்கு. கார் சார்ஜரின் பழைய வகைத் தட்டைத் துளையிலிருந்து டைப்-சி கேபிள் போட்டால், மறுமுனையில் எப்போதும் 5 வோல்ட் இருக்கும். உப்புத்தண்ணீர் நிற்கும் துளைக்குள் அதைச் செருகுவது பள்ளிக்கூட மின்பகுப்புச் சோதனையேதான். நேர்மின் ஊசி கரைந்து போகும். அதனால்தான் அந்த ஊசிகள் மட்டும் அப்படிக் கறுத்திருந்தன.

முதல் பழுதுபார்ப்பு

செல்களை என்ன செய்வது என்பதை முதலில் முடிவு செய்தேன். 1.6 வோல்ட்டுக்கு இறங்கிய லித்தியம் செல்லுக்கு வெளியிலிருந்து மெதுவாக மின்சாரம் கொடுத்து 'எழுப்பி' விடலாம். தொழிலில் பலர் செய்வதுதான். நான் செய்யவில்லை. 2.5 வோல்ட்டுக்குக் கீழே போய்க் கிடந்த செல்லுக்குள் செம்புத்தகடு கரைந்து, மறுபடி சார்ஜ் ஏறும்போது தாறுமாறாகப் படிந்து, உள்ளேயே ஷார்ட் ஆக வாய்ப்புண்டு. டீசல் எஞ்சின் பெட்டி மேல் வைக்கப்போகிற பொருள் அது. நிக்கல் பட்டை பற்றவைத்த புதிய ஜோடி செல்களை மாற்றினேன்.

போர்டைப் பேட்டரிக் கடை டிஸ்டில்டு வாட்டரில் இரண்டு முறை அலசினேன். ஸ்பிரிட் உப்பைக் கரைக்காது. அதனால் முதலில் தண்ணீர், ஈரத்தை விரட்ட அப்புறம்தான் ஐ.பி.ஏ. என்கிற அந்த ஸ்பிரிட். இந்த வரிசையை மாற்றிச் செய்து கைசுட்டுக்கொண்டவர்களில் நானும் ஒருவன். டைப்-சி துளையைப் புதிதாகப் பற்றவைத்தேன். உள்ளே ஈரம் பட்டால் சிவக்கும் வெள்ளை ஸ்டிக்கர், மொபைலுக்குள் இருக்குமே, அதில் ஒன்றைப் பேட்டரிக்குப் பக்கத்தில் ஒட்டினேன். அது பின்னால் கைகொடுத்தது.

பட்டன் பலகைக்கு அருகே கடுகளவு துளை, அதன்மேல் வெள்ளையாக ஒரு மெல்லிய சவ்வு. கூட்டாளி ஒருவர் "அதையும் அடைச்சுவிடு, லீக் அதுலதான்" என்றார். அதை விட்டுவிட்டேன். காற்றை மட்டும் விட்டுத் தண்ணீரைத் தடுக்கும் சவ்வு அது. உள்ளேயும் வெளியேயும் அழுத்தத்தைச் சமப்படுத்த வைத்திருக்கிறார்கள். அடைத்தால், மேலே சொன்ன உறிஞ்சல் இன்னும் கூடும்.

இதுவரை சரி. பிறகு தவறினேன். பெட்டியின் மூட்டை அடைக்கும் ரப்பர் கேஸ்கெட்டில் நம்பிக்கை இல்லாமல், மூடுவதற்கு முன் சுற்றிலும் சிலிக்கான் தடவினேன். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும், குளியலறை ஓரத்துக்குப் பூசுகிற டியூப். மறுநாள் விடியுமுன் அண்ணன் கடலுக்குப் போவதாகச் சொன்னதால் காயவிட நேரம் இல்லாமல் உடனே திருகி மூடிவிட்டேன். செல்லுக்கும் துளைக்கும் சேர்த்து 1,400 ரூபாய் வாங்கினேன். பாட்டு நன்றாகப் பாடியது. கடல்தண்ணீரில் முக்க வேண்டாம் என்றும் சொல்லி அனுப்பினேன்.

ஐந்து வாரம் கழித்து

திரும்பி வந்தது. இந்த முறை பவர் ஏறுகிறது, பட்டன்கள் வேலை செய்யவில்லை. சில நாள் தானாகவே சத்தம் கூடுமாம்.

நான் எதிர்பார்த்தது உப்பு. திறந்தால் உள்ளே உப்பு இல்லை, ஸ்டிக்கர் வெள்ளையாகவே இருந்தது. தண்ணீர் போகவே இல்லை. ஆனால் பட்டன் பலகையின் ரிப்பன் கேபிள் முனையிலும், போர்டின் ஓரத்துச் செம்புப் புள்ளிகளிலும் பச்சைப் பூஞ்சணம் மாதிரிப் படர்ந்திருந்தது. நான் சிலிக்கான் தடவிய இடத்தை ஒட்டித்தான் பச்சை. தள்ளியிருந்த பகுதிகள் பளிச்சென்று இருந்தன. மூடியைத் திறந்ததும் அடித்த வாடையிலேயே புரிந்திருக்க வேண்டும்: வினிகர் வாடை.

அந்த வகை சிலிக்கான் காயும்போது அசிட்டிக் அமிலத்தை வெளியே விடுகிறது. குளியலறையில் அது காற்றோடு போய்விடும். நான் அதைக் காற்றுப்புகாத பெட்டிக்குள் செம்போடும் ஈயத்தோடும் சேர்த்து அடைத்துவைத்திருந்தேன். கடல் நாலு மாதத்தில் செய்ததை நான் ஐந்தே வாரத்தில் செய்திருந்தேன்.

அண்ணனிடம் சொன்னேன், இது என்னால் கெட்டது, காசு வேண்டாம் என்று. அவர் கொஞ்ச நேரம் ஸ்பீக்கரையே பார்த்துவிட்டு, "சரி, இந்தத் தடவ அவசரப்படாத. நான் ரேடியோ கேட்டுக்கிறேன்" என்றார்.

இரண்டாம் முறை

பத்து நாள் எடுத்துக்கொண்டேன். பழைய சிலிக்கானை முழுவதும் சுரண்டி, போர்டை மீண்டும் அலசி, ரிப்பனை மாற்றினேன். செம்புத்தடங்கள்மேல் போர்டுக்கென்றே விற்கும் காப்புப்பூச்சைத் தடவினேன். டைப்-சி துளை, சவ்வு, ஸ்பீக்கர் மூன்றையும் தவிர்த்துவிட்டேன். கேஸ்கெட்டுக்குச் சிலிக்கான் கிரீஸ் மட்டும் போட்டேன். பசை தேவைப்பட்ட ஒரே இடத்தில், வாடை அடிக்காத நியூட்ரல் வகையைப் பயன்படுத்தி, மூடாமல் ஒருநாள் முழுக்கத் திறந்தபடி காயவைத்தேன். மூடியின் ரப்பர் ஓரம் அமுங்கித் தட்டையாகிவிட்டிருந்தது. அதே மாடலின் உடைந்த ஸ்பீக்கர் ஒன்றிலிருந்து மூடியை எடுத்துப் போட்டேன்.

சோதனையிலும் முறையை மாற்றினேன். முன்பு குளிர்ந்த தண்ணீரில் முக்கிப் பார்ப்பேன். லீக் இருந்தால் சோதனையிலேயே தண்ணீர் உள்ளே போய்விடும். இந்த முறை தலைகீழாகச் செய்தேன். துணியுறை போடுமுன், ஸ்பீக்கரை ஏ.சி. அறையில் ஒரு மணி நேரம் வைத்துவிட்டு, கை பொறுக்கும் சூட்டிலிருந்த வெந்நீரில் முக்கினேன். உள்காற்று சூடேறி விரிவதால் ஓட்டை இருந்தால் அங்கிருந்து குமிழி வெளியே வரும், தண்ணீர் உள்ளே போகாது. சவ்வுத் துளையிலிருந்து நிதானமாக வரும் குமிழி கணக்கில் இல்லை. முதல் முக்கிலேயே ஒலி கூட்டும் பட்டனின் ஓரத்திலிருந்து சரம்போலக் குமிழி வந்தது. சார்ஜிங் மூடியை மட்டுமே குற்றவாளி என்று நினைத்திருந்தேன். இரண்டாவது ஓட்டை ஒன்று இருந்திருக்கிறது. பட்டன் விரிப்பைத் திரும்பப் பதித்து, மறுபடி முக்கி, குமிழி நின்றதைப் பார்த்த பிறகுதான் உறை போட்டேன்.

கொடுக்கும்போது இரண்டு விஷயம் பேசினோம். ஒருமுறை திறந்துவிட்டதால் அட்டையில் போட்டிருக்கும் 7 இனி செல்லாது, தெறிக்கிற தண்ணீர் வரைக்கும்தான் நான் பொறுப்பு என்றேன். கழுவுவதென்றால் நல்ல தண்ணீரில், சூடு ஆறின பிறகு என்றேன். "குடிக்கிற தண்ணியவா இதுக்கு ஊத்தச் சொல்ற?" என்று சிரித்தார். கடலில் நல்ல தண்ணீரின் மதிப்பு தெரியாமல் சொல்லிவிட்டேன். கடைசியில், படகில் ஈரத்துணியால் துடைப்பது, வீட்டுக்கு வந்ததும் குழாயடியில் அலசி இரவெல்லாம் மூடியைத் திறந்து காயவைப்பது, காலையில் எழுந்து சார்ஜ் போடுவது என்று முடிவானது. இடத்தை அவரே மாற்றிக்கொண்டார்: எஞ்சின் பெட்டியிலிருந்து எடுத்து, அணியத்துப் பக்கம் (படகின் முன்பக்கம்) தார்ப்பாய் நிழலில், வலைத்துண்டில் கட்டித் தொங்கவிட்டார்.

அதன் பிறகு

பதினான்கு மாதம் ஓடிய பிறகு பேட்டரி சீக்கிரம் இறங்குகிறது என்று கொண்டுவந்தார். ரப்பர் வட்டை அழுத்தினால் மறுபக்கம் உப்பி நின்றது. திறந்து பார்த்தேன்; ஸ்டிக்கர் வெள்ளை. செல்லின் ஆயுள் வழக்கம்போல் குறைந்திருந்தது, அவ்வளவுதான். ஒரு முனை வட்டின் ரப்பரில் மட்டும் டீசல் பட்டு ஊறிய மாதிரி வழவழப்பு. இன்னும் கிழியவில்லை, மாற்று வட்டு கிடைக்காததால் துடைத்துவிட்டு மூடினேன்.

இனி மாற்றிச் செய்வது

அமில வகை சிலிக்கானைக் கடையிலிருந்தே எடுத்துவிட்டேன். ஸ்பீக்கர் வந்தால் எங்கே வைத்திருந்தீர்கள், எதில் கழுவினீர்கள், எங்கே சார்ஜ் போட்டீர்கள் என்ற மூன்று கேள்வியையும் திருப்புளியைத் தொடுமுன் கேட்கிறேன். வெந்நீர்க் குமிழிச் சோதனையை முதல் நாளே செய்திருந்தால் பட்டன் ஓட்டை அப்போதே தெரிந்திருக்கும். ஒரு ஓட்டை கிடைத்ததும் தேடலை நிறுத்தியது என் சோம்பல்.

வாங்க யோசிப்பவர்களுக்கும் ஒன்று சொல்லலாம். சில மாடல்களில் வெளி மூடி மட்டும்தான் காவல். அது விலகினால் தண்ணீர் நேரே போர்டுக்குப் போகும். வேறு சிலவற்றில் டைப்-சி துளையே உள்பக்கம் ரப்பர் வளையம் வைத்து அடைக்கப்பட்டிருக்கும். அதில் தண்ணீர் நின்றால் துளை மட்டும் கெடும், உள்ளே போகாது. கடல் பக்கம் இருப்பவர்கள் இரண்டாவது வகையைத் தேடலாம். கறுப்பைத் தவிர்த்து வெளிர் நிறத்தில் கிடைத்தால் இன்னும் நல்லது.

அண்ணனின் அக்கா மகன் போன மாதம் அதே மாடலில், அதே கறுப்பில் இன்னொன்று வாங்கியிருக்கிறான். அவன் வல்லத்தில் அது எஞ்சின் பெட்டி மேல்தான் இருக்கிறதாம்.